கடைசியா எப்ப ஓட்டிப் பாத்தீங்க?

ஹாஸ்டலில் கரன்ட் போனால் என்ன செய்வோம்? முதலில் கோரஸாக ஒரு 'ஓ...!' அப்புறம் மொட்டை மாடி, அந்தாக்ஷரி, பக்கத்து ரூம்காரியைப் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்துவது. ரெக்கார்டு நோட் எழுதாததற்கு சூப்பராக ஒரு காரணமும் கிடைத்துவிடும். மொத்தத்தில், கரன்ட் கட் என்றாலே நமக்கு ஜாலிதான்!

அதே பத்து நிமிடத்தை ஒரு ஆஸ்பத்திரிக்குள் வைத்து யோசித்துப் பாருங்கள் ஃப்ரெண்ட்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறார் டாக்டர். ஐ.சி.யு.வில் ஒருவருக்கு வெண்டிலேட்டர்தான் மூச்சு. பக்கத்து வார்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை, வார்மர் சூட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அங்கே கரன்ட் போனால்?

'அதான் ஜெனரேட்டர் இருக்குமே!' என்கிறீர்களா? இருக்கும். ஆனால் ஓடுமா? இந்தக் கட்டுரையே அந்த ஒரு கேள்விதான். இதை முதலில் கேட்டது நான் இல்லை. எங்க தாத்தா!

கஜா ராத்திரி

2018 நவம்பர் 16. டெல்டாக்காரர்கள் யாரும் மறக்க முடியாத தேதி. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் விடிவதற்குள் படுத்துவிட்டன. நான் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வீட்டு ஓடு ஒவ்வொன்றாகப் பறக்க, அம்மா எங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே பாயைப் போட்டு மூடினது மட்டும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

அதே ராத்திரி, பெரியம்மா பொண்ணு, அதாவது எங்க அக்கா, ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ரெண்டு நாள் முன்னாடிதான் பிரசவம். ஏழரை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை, ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. வார்மரில் வைத்திருந்தார்கள். துணைக்கு எங்க தாத்தா. இனி நான் சொல்லப்போவது, அக்கா சொல்லிச் சொல்லி எங்க வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான கதை.

கரன்ட் போனது. ஜெனரேட்டர் 'டுபு டுபு'வென்று ஸ்டார்ட் ஆனது. 'அப்பாடா' என்று எல்லோரும் உட்காருவதற்குள் இருமியது, தடுமாறியது, நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்தார்கள். ம்ஹூம்!

டியூட்டி நர்ஸ் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லையாம். குழந்தையை வார்மரிலிருந்து எடுத்து, தொப்பி மாட்டி, அக்காவின் வெற்று மார்பில் அணைத்துப் படுக்கவைத்து, மேலே போர்வையைச் சுற்றிவிட்டார். "அசையாம இருங்கம்மா. இப்ப நீங்கதான் வார்மர்!"

இதற்குப் பெயர் கங்காரு முறை. 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஆரம்பித்துவைத்தது. இன்றைக்கு உலக சுகாதார நிறுவனமே சிபாரிசு செய்கிறது. கரன்ட் தேவைப்படாத ஒரே வார்மர், அம்மா!

தாத்தா சும்மா இருப்பாரா? முப்பது வருஷம் ஆயில் இன்ஜின் வைத்து குறுவைக்குத் தண்ணீர் இறைத்த கை. டார்ச் லைட்டோடு ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் போனார். டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால், கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது! வடித்தார், துடைத்தார், லைனில் புகுந்த காற்றை எடுத்தார். முக்கால் மணி நேரம் கழித்து இன்ஜின் பிடித்துக்கொண்டது. கையைத் துடைத்துக்கொண்டே அங்கிருந்தவர்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"ஏப்பா, இதக் கடைசியா எப்ப ஓட்டிப் பாத்தீங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை.

ஏழு செகண்ட் சஸ்பென்ஸ்!

அந்தக் கேள்வியோடுதான் நான் ட்ரிபிள் ஈ சேர்ந்தேன் என்று சொன்னால் சினிமா டயலாக் மாதிரி இருக்கும். நிஜம், கவுன்சலிங்கில் கிடைத்தது! ஆனால் மூன்றாம் வருஷம் வந்தபிறகு அந்தக் கேள்வி திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. போன வாரம் தஞ்சாவூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் ரூமுக்கு அனுமதி வாங்கிப் போய் நின்றேன். "ஆஸ்பத்திரி பேரும் வேணாம், என் பேரும் வேணாம்மா" என்ற கண்டிஷனோடு பேச ஆரம்பித்தார் ஆபரேட்டர் அண்ணன்.

"இன்னிக்கு டெஸ்ட்டு. ஈ.பி. மெயின ஆஃப் பண்ணப்போறேன். எண்ணிக்கிட்டே இரு."

டக்! விளக்கு அணைந்தது. ஒன்று... இரண்டு... பேனலில் சிவப்பு லைட். மூன்று... நான்கு... செல்ஃப் மோட்டார் ஒரு உறுமல். ஐந்து... ஆறு... தரை அதிர்கிறது. ஏழு... டக்! எல்லா விளக்கும் எரிகிறது. எனக்குக் கை தட்டலாம் போல இருந்தது!

அந்த ஏழு செகண்டில் என்ன நடந்தது? கரன்ட் போனதை பேனலில் இருக்கும் ரிலே மோப்பம் பிடிக்கிறது. நிஜமாகவே போய்விட்டதா, சும்மா கண் சிமிட்டியதா என்று ரெண்டு மூன்று செகண்ட் பார்க்கிறது. பிறகு பேட்டரியிடம் சொல்ல, பேட்டரி செல்ஃப் மோட்டாரைச் சுற்ற, இன்ஜின் பிடிக்கிறது. 1500 ஆர்.பி.எம்., 50 ஹெர்ட்ஸ், 415 வோல்ட் வந்ததும், ஈ.பி. பக்கம் இருந்த இணைப்பைத் துண்டித்து லோடை ஜெனரேட்டர் பக்கம் மாற்றுகிறது. நாலு போல் மெஷின், 50 ஹெர்ட்ஸ் என்றால் 1500 ஆர்.பி.எம். என்று செமஸ்டருக்கு செமஸ்டர் கணக்குப் போட்டோமே, அதே 1500தான்! அமெரிக்க விதிமுறைப்படி உயிர் காக்கும் இடங்களுக்குப் பத்து செகண்டுக்குள் மாற்றுக் கரன்ட் வந்தாகவேண்டும்.

அந்தப் பத்து செகண்டும் வெண்டிலேட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டா இருக்கும்? இல்லை. அதற்கு உள்ளேயே பேட்டரி உண்டு. ஐ.சி.யு.வுக்கு யு.பி.எஸ்.ஸும் உண்டு. ஆக, முதலில் பேட்டரி, அடுத்து ஜெனரேட்டர், எல்லாம் கைவிட்டால் ஆம்பு பை. நர்ஸ் தன் கையாலேயே அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுப்பார். மூன்று அடுக்குப் பாதுகாப்பு. சரி, அப்புறம் எங்கேதான் கோட்டை விடுகிறோம்?

வில்லன்கள் மூணு பேர்!

"ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகலன்னா, நான் மொதல்ல பாக்கறது இன்ஜின இல்லம்மா, பேட்டரிய!" என்கிறார் அண்ணன். உள்ளே பல லட்சம் ரூபாய் மெஷின் இருக்கும். சில ஆயிரம் ரூபாய் பேட்டரி செத்துக் கிடந்தால் அது வெறும் இரும்பு. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, சார்ஜர் வேலை செய்யாமல் போயிருந்தாலோ, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுவும் நம்ம ஊர் வெயிலுக்கு லெட் ஆசிட் பேட்டரி சீக்கிரமே கிழடு தட்டிவிடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரிக்கல்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. தஞ்சாவூர் மே மாதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்!

இரண்டாவது வில்லன், பழைய டீசல். மாதக்கணக்கில் டேங்கில் கிடந்தால், காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே வியர்த்து, தண்ணீராகி அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமிகள் வளர்ந்து பாசி மாதிரி ஃபில்டரை அடைக்கும். எங்க தாத்தா துடைத்தது இதைத்தான்.

மூன்றாவது வில்லன் ரொம்ப சாமர்த்தியசாலி. அவர் பெயர், 'ஓட்டிப் பாத்துட்டோம் சார்!' பல இடங்களில் வாரா வாரம் ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணுவார்கள். ஐந்து நிமிடம் ஓடும். நோட்டில் 'ஓகே' எழுதி, ஆஃப் பண்ணிவிடுவார்கள். ஆனால் லோடே கொடுத்திருக்க மாட்டார்கள்! இது எப்படி என்றால், மாடு நடக்கிறது என்று பார்த்துவிட்டு, வண்டியில் பூட்டிப் பார்க்காமலேயே சந்தைக்குக் கிளம்புகிற மாதிரி.

லோடு இல்லாமலேயே ஓட்டினால் இன்னொரு கெடுதலும் உண்டு. இன்ஜின் போதிய சூடு ஏறாமல் டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் கறுப்புப் பிசுக்காக சைலன்சரில் படியும். அதனால்தான் அமெரிக்க விதிமுறை, மாதம் ஒருமுறை அரைமணி நேரம், மொத்தத் திறனில் குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டச் சொல்கிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாலு மணி நேரத் தொடர் ஓட்டமும் உண்டு.

இங்கே ஒரு வேடிக்கை. 2012-ல் சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட கரன்ட் போனது. அண்ணன் சிரிக்கிறார். "அப்பெல்லாம் டெஸ்ட்டே தேவயில்ல. தினம் பரீட்சைதான்! எது ரிப்பேருன்னு அன்னன்னிக்கே தெரிஞ்சுடும். இப்ப கரன்ட் ஒழுங்கா வருது. மெஷின் தூங்குது. தூங்குறத நாமதான் எழுப்பிப் பாக்கணும்." கரன்ட் நன்றாக வருவதால்தான் கவனமாக இருக்கவேண்டும். இது எனக்கு எந்த சிலபஸிலும் வராத பாடம்!

மூன்று ஊர், மூன்று பாடம்

மதுரை. 2019 மே 7, மாலை. காற்றோடு மழை. அரசு ராஜாஜி மருத்துவமனையில் கரன்ட் போனது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகள் அடுத்தடுத்து இறந்தார்கள். வெண்டிலேட்டர் நின்றதுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். வெண்டிலேட்டர்கள் பேட்டரியில் ஓடின, மரணத்துக்கும் மின்தடைக்கும் சம்பந்தமில்லை என்றது நிர்வாகம். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் ஒன்று தோன்றுகிறது. ஜெனரேட்டர் கைவிடவில்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட முடிந்தால், அந்த வீட்டுக்காரர்கள் ஆயுசுக்கும் அந்தக் கேள்வியைச் சுமக்க வேண்டியதில்லையே!

சென்னை. 2015 டிசம்பர் வெள்ளம். அடையாற்றின் ஓரம், மணப்பாக்கத்தில் இருக்கும் மியாட் மருத்துவமனைக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் ஜெனரேட்டரையும் விட்டுவைக்கவில்லை. அந்த நாட்களில் அங்கே 18 நோயாளிகள் இறந்ததாகச் செய்திகள் வந்தன. ஏற்கெனவே மிக மோசமான நிலையில் இருந்தவர்கள் என்றது மருத்துவமனை. நமக்கான பாடம், ஜெனரேட்டர் நல்லா இருந்தால் மட்டும் போதாது, அது நிற்கிற இடமும் நல்லா இருக்கவேண்டும். ஆறும் வாய்க்காலுமாகக் கிடக்கிற நம்ம டெல்டாவில் இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நெல் மூட்டையைக்கூட நாம் தரையில் வைக்கமாட்டோம், கட்டை போட்டுத்தான் அடுக்குவோம்!

நியூயார்க். 2012 அக்டோபர் 29, சாண்டி புயல். அங்கே பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்களை புத்திசாலித்தனமாக 13-வது மாடியில் வைத்திருந்தார்கள். ஆனால் டீசலை மேலே ஏற்றும் பம்ப் இருந்தது... அடித்தளத்தில்! தண்ணீர் புகுந்தது, பம்ப் காலி. என்ன செய்தார்கள் தெரியுமா? ஊழியர்களும் ராணுவக் காவல் படை வீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைக்குக் கை டீசலை 13 மாடிக்கு ஏற்றினார்கள். அதே தெருவில் இருக்கும் என்.ஒய்.யு. லாங்கோன் ஆஸ்பத்திரியிலும் மாற்றுக் கரன்ட் கைவிட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டுப் படிக்கட்டில் இறக்கினார்கள். அதில் 20 பச்சிளம் குழந்தைகள். மூச்சு முட்டும் குழந்தைகளுக்கு நர்ஸ்கள் கையாலேயே பையை அமுக்கிக்கொண்டே ஒன்பது மாடி இறங்கினார்கள். நியூயார்க்காக இருந்தால் என்ன, பட்டுக்கோட்டையாக இருந்தால் என்ன... கடைசியில் காப்பாற்றியது நர்ஸின் கை!

டேங்க் கணக்கு போடுவோமா?

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் விழுந்தன. கேரளாவிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். அப்படியும் பல கிராமங்களுக்குக் கரன்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 125 கே.வி.ஏ. ஜெனரேட்டர், 75 கிலோவாட் லோடில் ஓடுகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.3 லிட்டர் டீசல் என்று வைத்தால், மணிக்கு 22 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 990 லிட்டர் டேங்க் நிரம்பி இருந்தாலும் 44 மணி நேரம்தான். ரெண்டு நாள்கூட முழுசாக இல்லை! ரெண்டாவது நாள் ராத்திரி டீசலுக்கு எங்கே போவது? ரோடு முழுக்க மரம் விழுந்து கிடக்கும். பங்கிலும் கரன்ட் இருக்காது. கரன்ட் இல்லாமல் பங்க் மெஷின் டீசல் ஊற்றாது.

அக்கா இருந்த ஆஸ்பத்திரியிலும் மூன்றாம் நாள் அதுதான் நடந்தது. தாத்தா ஊருக்கு ஆள் அனுப்பினார். அறுவடைக்கு வைத்திருந்த டிராக்டர் டேங்கிலிருந்தும், ஆயில் இன்ஜினிலிருந்தும் டீசலை உறிஞ்சி, கேன் கேனாக, மரத்தைத் தாண்டித் தாண்டி தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊரே சேர்ந்து ஒரு குழந்தைக்குச் சூடு கொடுத்தது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரியின் பிளான், பக்கத்து ஊர் டிராக்டர் டேங்கை நம்பி இருக்கலாமா?

புயல் சின்னம் உருவானதுமே டேங்க்கை நிரப்புவது, எந்த பங்க் ஜெனரேட்டர் வைத்திருக்கிறது என்று முன்பே பேசிவைப்பது, டீசல் குறைந்தால் எந்த லோடை முதலில் நிறுத்துவது என்று பட்டியல் போட்டு ஒட்டுவது... மூன்றுக்கும் பெரிய செலவில்லை. ஏ.சி. நின்றால் வேர்க்கும், அவ்வளவுதான். வெண்டிலேட்டர் நின்றால்?

நாம என்ன பண்ணலாம்?

'இதெல்லாம் டீன் வேலை, நமக்கென்ன?' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். நம்மால் முடிந்தது நிறைய இருக்கிறது.

* ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்களா? ஜெனரேட்டர் பேட்டரி வோல்டேஜும் டீசல் அளவும் குறைந்தால் ஆபரேட்டர் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் ஒரு சின்ன சர்க்யூட். ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், ரெண்டு சென்சார் போதும். கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டைவிட இது நூறு மடங்கு மேல்!

* என்.எஸ்.எஸ். கேம்ப் போகிற ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். அங்கே தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். கரன்ட் போனால் அங்கே என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பாருங்கள். மரம் நடுவதோடு இதையும் செய்யலாமே!

* டெஸ்ட் பண்ணும்போது ஈ.பி. மெயினை நிஜமாகவே ஆஃப் பண்ணி, லோடு கொடுத்து ஓட்டவேண்டும். முக்கியமாக, ஆபரேஷன் தியேட்டருக்கும் ஐ.சி.யு.வுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு!

* உங்கள் வீட்டிலேயே யாராவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருக்கிறார்களா? அது கரன்ட்டில் ஓடுவது. மாற்றுக்கு ஒரு சிலிண்டர் நிரம்பி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

* ஜெனரேட்டரை மூடின அறைக்குள், ஜன்னலுக்குக் கீழே வைத்து ஓட்டாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

கிளம்பும்போது ஆபரேட்டர் அண்ணன் தன் லாக் புக்கைக் காட்டினார். தேதி, நேரம், எத்தனை நிமிடம், எவ்வளவு லோடு, பேட்டரி வோல்டேஜ், டீசல் அளவு. குண்டுகுண்டு கையெழுத்து. ஒரு வாரம்கூட விடுபடவில்லை. "இத யாரும் பாக்கறதில்லம்மா. நீதான் மொத ஆளு" என்றார். கஷ்டமாக இருந்தது. அந்த ஐ.சி.யு.வில் பிழைத்து வீட்டுக்குப் போன யாருக்கும் இவர் முகம் தெரியாது.

அக்கா பொண்ணு இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். வீட்டில் பட்டப்பெயர் 'புயல்'. பெயருக்கேற்ற சேட்டை! தாத்தாவுக்கு வயசாகிவிட்டது, வயலுக்குப் போவதில்லை. ஆனாலும் ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று பேப்பரில் வந்தால் போதும், ஷெட்டில் கிடக்கும் பழைய ஆயில் இன்ஜினை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். 'புயல்' பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொள்வாள். "யாருமே இதுல தண்ணி எறைக்கலையே, எதுக்குத் தாத்தா ஓட்டுற?" என்று போன வருஷம் நான் கேட்டேன்.

"தேவப்படுற அன்னிக்கு ஓட்டிப் பாக்க முடியாது புள்ள!"

அடுத்த முறை யாரையாவது பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனால், ஆப்பிள், ஹார்லிக்ஸோடு இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போங்கள் ஃப்ரெண்ட்ஸ். மரியாதையாக, சிரித்த முகத்தோடு கேளுங்கள்...

"சார், உங்க ஜெனரேட்டர, லோடு கொடுத்து, கடைசியா எப்ப ஓட்டிப் பாத்தீங்க?"